டப்பாவுக்கு முன்னால் நாற்பது நிமிடம்

அசையக் கூடாது. மூச்சு விடலாம், கண் சிமிட்டலாம், அதெல்லாம் இந்த டப்பாவுக்குத் தெரியாது, ஆனால் தலையைத் திருப்பக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அப்படிச் சொல்லிவிட்டுத்தான் என் மகள் வாணி டப்பாத் துளையின் மேலிருந்த கறுப்பு டேப்பை உரித்தாள். உரித்த டேப்பைச் சுடிதார்க் கையில் ஒட்டிக்கொண்டு கீழே போய்விட்டாள். குளியலறை வெண்டிலேட்டரைக் கறுப்புத் துணியால் அடைக்க வேண்டுமாம், படம் கழுவ மருந்து கலக்க வேண்டுமாம். நாற்பது நிமிடம் கழித்து வருவாள். மொட்டை மாடியில், நாற்காலியில் நானும் எதிரே ஒரு பால் பவுடர் டப்பாவும். அந்த டப்பாதான் அவளுடைய கேமரா, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு தாள், வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகிற தாள், வளைத்து ஒட்டியிருக்கிறாள். முன்னால் ஊசித்துளை. அந்தத் துளையைப் போட்டது நான்தான். ஜூஸ் டின்னில் ஒரு துண்டு வெட்டி, மெல்லிய ஊசியால் குத்தி, பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி தேய்த்து. முப்பத்தொன்பது வருடம் கரூரில் பஸ் பாடி கட்டிய கை, தகரத்தில் ஒரு நல்ல துளை போடத் தெரியாமல் போகுமா. துளைக்கு முன்னால் நான் பட்டறையில் போட்டுக்கொண்டிருந்த கேஸ் வெல்டிங் கண்ணாடி, அந்தப் பச்சைக் கண்ணாடி. வெளிச்சத்தை அது குறைத்தால்தான் இத்தனை நேரம் திறந்து வைக்க முடியும் என்கிறாள். அந்தக் கண்ணாடியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னபோது நான் போடவில்லை, நல்லதாயிற்று. ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருக்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று முதல் நாள் கேட்டேன். "ஒரு நொடியை எடுக்கறது எல்லாரும் எடுக்கறாங்கப்பா. போன் இருந்தாப் போதும். நான் நேரம் போறதை எடுக்கறேன். நாற்பது நிமிசத்தையும் ஒரே தாள்ல வைக்கறேன்" என்றாள். அடுத்த மாதம் சிநேகிதிகளோடு சேர்ந்து படங்களைச் சுவரில் மாட்டி ஊருக்குக் காட்டப் போகிறார்கள். முந்தாநாள் எங்கள் தெருவை எடுத்தாள். காலை எட்டு மணி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், ஆட்டோ, சண்டை போட்டுக்கொண்டு போன இரண்டு பெண்கள், எல்லாம் என் கண்ணால் பார்த்தேன். தாளில் தெரு மட்டும் இருந்தது. ஒரு சைக்கிள், பூட்டி நிறுத்தியது, அது மட்டும் தெளிவாக. "எங்க, அம்மிணி, அத்தனை பேரும்?" என்றேன். "அவங்கெல்லாம் போயிக்கிட்டே இருந்தாங்கப்பா. போறவங்க தாள்ல விழமாட்டாங்க. இருக்கறவங்கதான் விழுவாங்க." "பாதி நேரம் இருந்தவங்க?" "புகை மாதிரி விழுவாங்க. பின்னால இருக்கற சுவரு அவங்களுக்குள்ள தெரியும்." கடைசித் தாள் இது ஒன்றுதான். பதினோரு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பிவிடுவாள். அறுபத்து மூன்று வயதில் என் முகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு படம் கிடையாது, ஆதார் கார்டில் இருக்கிறதே அதைத் தவிர. அதில் நான் கோழி திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி இருக்கிறேன். நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அதைத்தான் பெரிதாக்கி மாலை போடுவார்கள். கோழி திருடனுக்குச் சந்தன மாலை. அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன், கல் மாதிரி.

மூக்கின் இடது பக்கம் அரிக்கிறது. அரிக்கட்டும். மாசி மாதத்து வெயில், ஏழரை மணி, இன்னும் சுடவில்லை, தோளில் ஒரு கை வைத்த மாதிரி இருக்கிறது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் நிழல் தரையில் நீளமாக விழுந்திருக்கிறது. வாணி டேப்பை உரித்தபோது அது தரையில் பதித்த மூன்றாவது தட்டோட்டின் ஓரத்தில் இருந்தது, இப்போது கொஞ்சம் நகர்ந்துவிட்டது. நகர்ந்ததைப் பார்க்க முடியவில்லை, நகர்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்க முடிகிறது. இந்த நிழலை டப்பா எப்படி எழுதிக்கொள்ளும், இங்கேயும் இருந்தது அங்கேயும் இருந்தது என்றா. ஒரு நொடியை எல்லாரும் எடுக்கிறார்கள். எல்லாரும். அந்தச் சொல் வந்தால் எனக்கு இன்னொரு சொல்லும் கூடவே வரும். எல்லாரும் வந்தாச்சு, எடுங்க. முப்பத்து நாலு வருடம் ஆகிவிட்டது, அண்ணன் நல்லசாமியின் குரல் அப்படியே காதில் இருக்கிறது. தங்கை பூங்கொடிக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்தது, மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரில் டீசல் இல்லை. "சென்னியப்பா, ஓடு" என்றது அண்ணன்தான். ஓடினேன். பங்க்கில் வரிசை. கேனைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்து, ஊற்றி, கயிற்றை நாலு தரம் இழுத்து ஓடவிட்டேன். மண்டபத்தில் லைட் எரிந்தது. பின்வாசல் பக்கம் பந்திக்கூட்டம் அடைத்து நின்றதால் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தேன். படியில் கால் வைத்தபோது கேட்டது, எல்லாரும் வந்தாச்சு, எடுங்க. பளிச்சென்று ஒரு வெளிச்சம். நான் எரிய வைத்த லைட்டில் நான் இல்லாமல் எடுத்தார்கள். இன்னொன்று எடுக்கச் சொன்னபோது ஃபிலிம் முடிந்துவிட்டது என்றார் போட்டோக்காரர். அண்ணன் சிரித்தான். "நீ எங்க போயிரப்போற, அடுத்த கல்யாணத்துல நின்னுக்கலாம் விடு" என்றான். நான் விடவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அவன் வீட்டில் கை நனைத்ததில்லை. நல்லது கெட்டதுக்குப் போவேன், நிற்பேன், தண்ணீர் கூடக் குடிக்காமல் வந்துவிடுவேன். எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தொட்டித் தண்ணீர் வழிகிற குழாயை என் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து பதினொரு வருடம் ஆகிறது, இன்றுவரை அவரைப் பார்த்து நான் தலையாட்டியதில்லை. ஒரு தரம் காதோரம் வெட்டிவிட்டான் என்று முடிவெட்டுகிற கடையையே மாற்றி, இன்றைக்கும் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போகிறேன். மனதில் ஒன்று விழுந்தால் விழுந்ததுதான், வாணியின் தாள் மாதிரி.

ஆனால் இந்த டப்பாவிடம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. அது காத்திருக்கிறது. டீசல் வாங்கப் போனவன் கூடத் திரும்பி வந்து நின்றால் அதில் கொஞ்சம் விழுவான். அந்தப் பளிச்சென்ற வெளிச்சம் அப்படி இல்லை, அந்த நொடிக்குக் கதவைத் திறந்து மூடிவிட்டது. பூங்கொடி வீட்டுக் கூடத்தில் இன்றும் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். நடுவில் மாப்பிள்ளையும் பொண்ணும், வலது பக்கம் அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, இடது பக்கம் மாப்பிள்ளை வீட்டார், கீழே குழந்தைகள், யார் என்றே தெரியாத ஒரு மீசைக்காரர் கூட இருக்கிறார். அண்ணன் தோளுக்குப் பின்னால் ஒரு பாதி முகம், பச்சைச் சேலைத் தலைப்பு. என் வீட்டுக்காரி மயிலாத்தாள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். நான் இல்லாமல் அவளும் போய் நின்றுவிட்டாள். அதை நான் அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததால் போய்விடவில்லை. சில நாள் சோற்றில் உப்பு கூடினால் அந்தப் பச்சைச் சேலை ஞாபகம் வரும். ஏன் வரவேண்டும், உப்புக்கும் சேலைக்கும் என்ன. அண்ணனை நினைத்தால் மட்டும் கோபம் நேராக வராது, நடுவில் தகரம் வந்துவிடும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை இருபது வயதில் பட்டறையில் சேர்த்தவன் அவன்தான், அதை நான் மறுக்க முடியாது. பஸ்ஸுக்குத் தகரம் ரிவிட் அடிக்க இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவன் சுத்தியலால் அடிப்பான், உள்ளே ஒருவன் இரும்புக்கட்டியை ஆணியின் பின்னால் அழுத்திப் பிடிப்பான். நான் வெளியே, அவன் உள்ளே. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, நடுவில் தகரம். அவன் இரண்டு தட்டு தட்டினால் பிடித்துவிட்டான் என்று அர்த்தம், நான் அடிக்கலாம். கட்டி நழுவினால் ஆணி கோணும், தகரம் குழியும். ஒன்பது வருடத்தில் அவன் ஒரு தரம் நழுவவிட்டதில்லை. கல்யாணத்துக்கு அடுத்த வாரம் நான் வேறு பட்டறைக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு உள்ளே பிடித்த ஆளுடைய தட்டு எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

படியில் காலடிச் சத்தம். வாணி இல்லை, இது மயிலாத்தாள், செருப்பை இழுத்து நடக்கிற சத்தம். வடகம் பிழிய வருகிறாள். வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரிகிறாள், தலை திரும்பாமல். கூழ்ப் பாத்திரத்தை வைத்தாள், பழைய வேட்டியை விரித்தாள், நாலு மூலையிலும் கல் வைத்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, கல்யாண மேடையில கூட இப்படி அடக்கமா உட்காரலீங்களே." டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பேசக் கூடாதுன்னு வாணி சொன்னா. நெசமாவே பேச மாட்டீங்களா?" அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, திருட்டுச் சிரிப்பு, அதை நான் இந்த வீட்டில் அதிகம் பார்த்ததில்லை. "அப்பச் சரி. முப்பத்தஞ்சு வருசத்துல இப்படி ஒரு நேரம் எனக்கு வாய்ச்சதில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அச்சை அழுத்தினாள். வடகம் ஒவ்வொன்றாக வேட்டியில் விழுகிறது. ஒன்று பிழிந்து ஒரு அடி நகர்கிறாள், எழுந்து போய்க் கூழ் எடுக்கிறாள், டப்பாவுக்கும் எனக்கும் நடுவில் புகுந்து போகிறாள், வருகிறாள், அணிலை விரட்டுகிறாள், கொடியில் என் சட்டையைப் போடுகிறாள். ஒரு இடத்தில் நிற்கவில்லை. "உங்க அண்ணன் நேத்துப் போன் பண்ணாரு" என்றாள். எனக்குத் தாடை இறுகியது. இறுகினால் விழுமா. "பண்ணட்டும்னு சொல்லுவீங்க. சொல்லுங்க பார்ப்போம். முடியாதில்ல? புதன்கிழமை அவருக்குக் கண் ஆபரேசனுங்களாம். தம்பியை ஒருக்கா வரச் சொல்லு மயிலான்னாரு. குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. பயம்போல." அவள் எழுந்து போய்க் கூழ் எடுத்து வந்தாள். நிழல் நாலாவது ஓட்டின் பாதிக்கு வந்துவிட்டது, இருபது நிமிடம் ஆகியிருக்கும். "வயசு எழுபது ஆச்சு அவருக்கு. அந்த ஒரு போட்டோவை வெச்சுக்கிட்டு நீங்க இன்னும். ஏனுங்க, நானுந்தான் அந்தப் போட்டோவுல இல்ல. நான் என்ன சோறு திங்காமயா கெடந்தேன்? சரி, அன்னிக்கு ஒரு நாள் நானுந்தான் திங்கல."

என்ன சொல்கிறாள். இல்லையா. இருக்கிறாளே, அண்ணன் தோளுக்குப் பின்னால், பாதி முகம், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிறாள். இவள் பொய் சொன்னதில்லை, கடைக்காரனிடம் கூடச் சொல்லத் தெரியாது. வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வாய் போய்விடும், வாயில்லாத முகத்தோடு சுவரில் தொங்க வேண்டும். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். முப்பத்து நாலு வருடம் கேட்காதவன் நாளைக்குக் கேட்பானா. "பச்சைச் சேலை?" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "ஐயோ, பேசாதீங்க, அவ வந்தாத் திட்டுவா." "அண்ணன் பின்னால. பச்சைச் சேலை." அச்சை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அது உங்க அத்தை மக சிந்தாமணியில்லீங்களா. எனக்கு ஏது பச்சைச் சேலை? உங்கம்மா எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலைல்ல கட்டியிருந்தேன்." "நீ எங்க இருந்தே?" "நீங்க டீசலுக்குப் போனீங்க, வந்து சேரல. உங்க அண்ணி மேடைக்குக் கூப்பிட்டாங்க. அவரு வரட்டும்னு சொல்லிட்டுப் பின்வாசல்ல போய் நின்னேன். ஜெனரேட்டர் அங்கதானே இருந்துச்சு, அந்த வழியாத்தான் வருவீங்கன்னு. கூட்டத்துல நீங்க முன்வாசல் வழியாப் போயிட்டீங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க." "இதை ஏன் சொல்லலை?" "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். அந்தப் பேச்சை எடுத்தாத்தான் நீங்க தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிருவீங்களே. அப்புறம் யாரு சொல்றது." இதைச் சொல்லிவிட்டு அடுத்த வடகத்தைப் பிழிந்தாள். அவ்வளவுதான். அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

அரக்குச் சேலை. இப்போது வருகிறது, எங்கே இருந்தது இத்தனை நாள். அன்றைக்கு மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நான் முறைத்துக்கொண்டு நின்றபோது என் இரண்டு கையிலும் டீசல். யாரோ என் கையைப் பிடித்துச் சேலைத் தலைப்பில் துடைத்தார்கள், விரல் விரலாக. நான் கையை உதறினேன். யாரோ என்ன யாரோ, அவள்தான். துடைத்த கறை போகவே இல்லை. ஐந்து வருடம் கழித்து வாணி பிறந்தபோது அந்தச் சேலையைத்தான் தூளியாகக் கட்டினாள், ஓரத்தில் அந்தக் கறை கறுப்பாக இருந்தது, நான்தானே தூளியை ஆட்டிவிட்டேன், என் கண்ணுக்கு முன்னால்தானே ஆடியது. அரக்கு. தூளி அரக்கு. கறையைப் பார்த்திருக்கிறேன், சேலையைப் பார்க்கவில்லை. எல்லாரும் வந்தாச்சு என்று அண்ணன் சொன்னபோது இரண்டு பேர் வரவில்லை. ஒருவன் முன்வாசல் படியில், ஒருத்தி பின்வாசலில், அவனுக்காக. எனக்காக ஒரு ஆள் காத்திருந்திருக்கிறது. அந்த ஆளைத்தான் சோற்றில் உப்புக் கூடியதற்குக்கூட மன்னிக்காமல் வைத்திருந்தேன். தகரம் கையை அறுத்து நான் இரண்டு மாதம் கட்டோடு கிடந்தபோது எனக்குச் சோறு ஊட்டினாள், தலை வாரினாள், வேட்டி கூடக் கட்டிவிட்டாள், ஒரு நாள் சலித்துக்கொண்டதில்லை. அப்போது நான் மனதில் நினைத்தேன், செய்யட்டும், அன்றைக்கு நிற்காமல் இருந்திருக்கலாமே என்று. நினைத்தேன். இப்போது அவள் மறுபடி எனக்கு முன்னால் போகிறாள், காலிப் பாத்திரத்தோடு. வருகிறாள். குனிகிறாள். நிமிர்கிறாள். போறவங்க விழமாட்டாங்கப்பா. என் கல் மாதிரி முகம் விழும், செங்கல் விழும், கொடி விழும், பூட்டிய சைக்கிள் மாதிரி எல்லாம் விழும், இருபது தடவை குறுக்கே போனவள் விழமாட்டாள். நாளைக்கு வாணி சுவரில் மாட்டுவாள், பார்க்கிறவர்கள் சொல்வார்கள், பெரியவர் மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று. எல்லாரும் வந்தாச்சு, எடுங்க என்று இந்த முறை சொன்னது நானாகிவிடும்.

"மயிலா, இங்க வா." "வேலை இருக்குதுங்க." "வா. வந்து உட்காரு." நான் எழுந்துவிட்டேன். என் முகம் போனது, தெரியும், இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்த முகம். முதுகு பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாளியைக் கவிழ்த்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, அதில் நான் உட்கார்ந்து, நாற்காலியைக் காட்டினேன். "உங்களுக்கென்ன ஆச்சு? கூழுக் கையோட எப்படிங்க?" "கூழுக் கை விழாது. உட்காரு. பேசாதே, அசையாதே." ஏதோ கேட்க வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் உட்கார்ந்தாள். கையைச் சேலையில் துடைக்கப் போனாள். நான் அந்தக் கையைப் பிடித்து என் தோள் துண்டால் துடைத்தேன், விரல் விரலாக. பிறகு விட்டுவிட்டேன், அசையக் கூடாது என்பதால். இப்போது இரண்டு பேரும் டப்பாவைப் பார்க்கிறோம். அவள் இத்தனை நேரம் ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்குகிறாள், பிறகு அது அடங்குகிறது. இரண்டு பேரும் புகை மாதிரிதான் விழுவோம், சுவர் எங்களுக்குள் தெரியும். தெரியட்டும். இனி எனக்கு ஒன்று ஆனால் ஆதார் படத்தையே போடட்டும், கோழி திருடனுக்குச் சந்தன மாலை, என்ன கெட்டுப்போயிற்று. அண்ணன் மேல் கோபம் போய்விட்டதா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் நின்றவர்கள் எல்லார் மேலும் இருந்த கோபத்தில் ஒரு ஆள் குறைந்துவிட்டது, அதுவே உடம்பை லேசாக்குகிறது. புதன்கிழமை போவேனோ என்னவோ. போனால் அவன் கண்ணில் கட்டோடு படுத்திருப்பான், என் முகம் தெரியாது, தகரத்துக்கு உள்ளே இருந்த மாதிரி. கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினால் அவனுக்குத் தெரியும் யார் என்று. சாப்பிடச் சொன்னால் என்ன செய்வது, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். நிழல் ஐந்தாவது ஓட்டைத் தொட்டுவிட்டது. ஒரு காக்கை கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. மயிலாத்தாளின் முழங்கால் எழுந்து விரட்டத் துடித்ததை நான் பக்கத்தில் உணர்ந்தேன். காக்கை இறங்கி வேட்டியில் நடந்து ஒரு வடகத்தைக் கொத்திக்கொண்டு போனது. அவள் எழுந்திருக்கவில்லை. உதடு அசையாமல், பல்லுக்கு உள்ளேயிருந்து, "ஒண்ணு" என்றாள். காக்கை இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது.

வாணி படியேறி வருகிறாள். இரண்டிரண்டு படியாக ஏறுவாள், சின்ன வயதிலிருந்தே. வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, நீ எப்ப உட்கார்ந்தே?" நாற்காலியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், நான் இடம் மாறி இருப்பதைப் பார்த்தாள், கடைசித் தாள் என்பது அவள் முகத்தில் ஒரு நிமிடம் வந்து போனது. ஆனால் திட்டவில்லை, என் மகள் நல்ல பிள்ளை, அம்மாவைப்போல. கையில் ஒட்டியிருந்த டேப்பை உரித்துக்கொண்டு டப்பாவுக்குப் பின்பக்கமாகப் போனாள். "இரு அம்மிணி" என்றேன், முடிந்த மட்டும் வாயைத் திறக்காமல். "நேரம் ஆயிருச்சுப்பா. இதுக்கு மேல விட்டாத் தாள் கறுத்துரும்." "கறுக்கட்டும். எல்லாரும் இன்னும் வந்து சேரலை." டேப்போடு அவள் கை அப்படியே நின்றது. பிறகு கை இறங்கியது. டேப்பைத் திரும்பச் சுடிதாரில் ஒட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் தொட்டி நிழலில் குந்தினாள். வெயில் இப்போது கொஞ்சம் சுடுகிறது. காக்கை வேட்டியின் நடுவுக்கே வந்துவிட்டது.

"ஏழு" என்றாள் மயிலாத்தாள், உதடு அசையாமல், நாற்காலியில் இருந்தபடியே.